பெண்டு எடுத்த வண்டி

ஞாயிற்றுக்கிழமை விறகுக்குப் போன போவாஸ் மத்தியானம் கழிந்து திரும்பியபோது பனிவண்டி நொண்டிக்கொண்டு வந்தது. முன்னால் சறுக்குகிற பலகை இரண்டில் இடது பக்க ஸ்கீ உள்ளே மடங்கி, மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து, அடிபட்ட நாய் வீடு திரும்புகிற மாதிரி இருந்தது. பின்னால் கட்டி இழுக்கிற மரச் சறுக்குவண்டியான கொமாடிக்கை விறகோடு வழியிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பதினாறு கிலோமீட்டரையும் நடை வேகத்தில் ஓட்டி வந்திருக்கிறான். வீட்டு முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டு மனைவி ரோசினா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"கல்லு," என்றான், அவள் கேட்பதற்கு முன்னாலேயே. "ஓடை முக்குல. பனிக்கு அடியில கெடந்திருக்கு, தெரியல."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன. நெஞ்சுல ஹேண்டில்பார் குத்துச்சு. நாலு நாள்ல போயிரும்."

ரோசினா குனிந்து வண்டியின் அடியில் பார்த்தாள். ஸ்கீ மட்டும் போயிருந்தால் மாற்று ஸ்கீ ஷெட்டில் கிடக்கிறது. ஸ்கீயைத் தாங்குகிற கை வளைந்திருந்தால் அதையும் பேர்த்துத் தட்டி நிமிர்த்திவிடலாம். ஆனால் வளைந்திருந்தது அந்தக் கை போய்ச் சேர்கிற முன்கூடு. எஞ்சினையும் ஷாக் அப்சர்பரையும் ஸ்டியரிங்கையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிற இரும்புக் குழாய்ச் சட்டம். அது இடது பக்கம் உள்வாங்கிச் சுருங்கியிருந்தது.

"நல்ல கல்லுதான்," என்றாள்.

லாங் டிக்கிள் ஊரில் நூற்று எண்பது பேர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, வெளியே போக ரோடு கிடையாது. பிளேன் வந்து ஆறு நாளாகிறது. காற்று நின்று அது வந்தாலும் முதலில் பாலும் முட்டையும் மருந்தும்தான் இறங்கும். வண்டிக்குப் புது முன்கூடு ஆர்டர் போட்டால் ஜூலையில் கப்பலில் வந்து சேரலாம். வியாழக்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஈஸ்டருக்குப் பெத்தானியாவுக்குக் கிளம்புகிறார்கள். உறைந்த கடல்மேல் நூற்றுப் பத்து கிலோமீட்டர். நடுவில் இடுக்கு என்கிற குறுகலான கடல்வழியில் நீரோட்டம் அடியிலிருந்து பனியை அரித்து மெலிதாக்கியிருக்கும். பன்னிரண்டில் நாலு பேர் பிள்ளைகள். இருபத்திரண்டு வருசமாக இந்தப் பயணத்தில் முன்னால் போகிற வண்டி போவாஸுடையது. பெத்தானியாவில்தான் மகள் சிபில்லாவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறன்று அவள் பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம்.

"செவ்வாயும் புதனும் லீவு சொல்லிட்டேன்," என்றாள் ரோசினா அன்று சாயங்காலம். "வீட்லயே பெண்டு எடுத்துப் பாக்கலாம்."

ஊர் மின்நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர் மூன்றையும் பத்தொன்பது வருசமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள். இரும்பும் எண்ணெயும் அவளுக்குப் புதிதில்லை. போவாஸுக்குப் பனி தெரியும், கடல் தெரியும், எந்த மேகத்துக்கு எந்தக் காற்று என்று தெரியும். ஸ்பானரைக் கையில் கொடுத்தால் மட்டும் எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்பான். வீட்டில் அது பழைய வேடிக்கை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இருவரும் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது. எண்ணெய் டிரம்மை வெட்டிச் செய்த அடுப்பில் ரோசினா விறகை அடுக்கித் தீமூட்டினாள். கை உணர்வு திரும்பவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேல்மூடியைக் கழற்றினாள். சூடு காட்டுகிற வேலை என்பதால் பெட்ரோல் டாங்கை முதலில் எடுத்து வெளியே பனியில் தூரமாக வைத்தாள். ஷாக்கை எடுத்தாள். ஸ்டியரிங் கம்பியை அவிழ்த்தாள். துருப்பிடித்த போல்ட் ஒன்று வர மறுத்தது. எண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு அரைமணி நேரம் கெஞ்சினாள். போவாஸ் அடுப்போரம் ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட நட்டுகளை வரிசையாகத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

கடைசியாக ஸ்கீ வந்தது. ரோசினா அதை மடியில் கவிழ்த்துப் போட்டு, விரலால் முனையிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள்.

கல்லில் மோதிய ஸ்கீக்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். கல் பட்டால் பிறாண்டும், கீறும், துணுக்குத் துணுக்காகப் பேர்த்தெடுக்கும். இதில் அப்படி ஒன்றுமில்லை. முனை மழுங்கி மடங்கியிருந்ததே தவிர ஒரு கீறல் கிடையாது. அடியும் கீழிருந்து பட்டதில்லை. பனிக்கு அடியில் புதைந்த கல் ஸ்கீயை மேலே தூக்கியெறியும். இது நேர் எதிரே, இடது பக்கமாக, நின்றுகொண்டிருந்த எதிலோ போய் முட்டிய முட்டு.

"எந்த ஓடை முக்குன்ன?" என்றாள்.

"என்ன?"

"கல்லு கெடந்த எடம்."

"அதான் சொன்னேனே. மேல ஓடை." போவாஸ் நட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "இப்ப அந்தக் கல்லைத் தேடிப் போயி அடிக்கப் போறியா?"

அவள் ஸ்கீயைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

பத்து மணிவாக்கில் பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் கேஸ் டார்ச்சைத் தோளில் சுமந்துகொண்டு உதைத்துக் கதவைத் திறந்தான்.

"என்னக்கா, வண்டிக்கு ஆபரேஷனா?"

"ஆமா. ரத்தம் குடுக்க ஆளில்லைன்னுதான் உன்னைக் கூப்ட்டேன். கதவைச் சாத்து, சூடெல்லாம் போகுது."

ஆம்ப்ரோஸ் வண்டியைச் சுற்றி வந்தான். நாக்கைக் கொட்டினான். "இதைக் கடலுக்குள்ள தள்ளிட்டு என்னை மாதிரிப் புதுசு வாங்கச் சொல்லு அண்ணனை. என் வண்டி எப்படிப் போகுது பாத்தேல்ல, தொட்டில் மாதிரி."

"உன்னுது அலுமினியம்டா. ஒரு மோது மோதினா தகர டப்பா, தூக்கிப் போட்டுற வேண்டியதுதான். இது பழைய இரும்பு. பக்குவமா சூடு காட்டினா சொன்ன பேச்சு கேக்கும்."

"அப்ப அண்ணனையும் அப்படித்தான் வச்சிருக்கியாக்கும்."

"அவருக்கு இன்னும் சூடு பத்தலை."

ஆம்ப்ரோஸ் உரக்கச் சிரித்துவிட்டுப் போவாஸ் பக்கம் திரும்பினான். "அண்ணே, வியாழக்கிழமைக்குள்ள தேறிருமா? எம் பொண்டாட்டி இப்பவே புள்ளைங்களைக் கொமாடிக் பொட்டிக்குள்ள உக்காத்தி வச்சுப் பாத்துக்கிட்டிருக்கா. போன வருசம் இடுக்குல தண்ணி ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? நீ மட்டும் கையைத் தூக்கி நிறுத்தலைன்னா நாங்க எல்லாரும் இந்நேரம் மீன் வயித்துல. நீ முன்னால போனா நான் கண்ணை மூடிக்கிட்டே பின்னால வருவேன்."

போவாஸ் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "கண்ணைத் தொறந்துக்கிட்டே வா," என்றான். குரலில் சிரிப்பில்லை.

ஆம்ப்ரோஸ் போன பிறகு ஷெட்டுக்குள் அடுப்பு இரைகிற சத்தம் மட்டும் இருந்தது. ரோசினா அளவு நாடாவை எடுத்தாள். வலது பக்க ஸ்கீ அச்சிலிருந்து குறுக்காகப் பின்பக்க இடது போல்ட் வரைக்கும் பிடித்தாள். எண்பத்தொன்றே கால் அங்குலம். இடது அச்சிலிருந்து வலது போல்ட்டுக்கு எழுபத்தெட்டரை. சுண்ணாம்புக் கட்டியால் இரண்டையும் சுவரில் எழுதினாள். குறுக்களவு இரண்டும் ஒன்றாகிற வரைக்கும் வண்டி வண்டியாகாது.

மத்தியானத்துக்குப் பனிக்கௌதாரி சூப்பும் சட்டியில் சுட்ட தடி ரொட்டியும். போவாஸ் ரொட்டியில் மஞ்சள் பெர்ரி ஜாம் தடவிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சாப்பிட்டான். ரோசினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸிலிருந்து மேசையில் அவன் உட்காருகிற இடம் மாறியிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்போதும் சுவரை ஒட்டி உட்காருகிறவன், இப்போது மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தன் வலது பக்கம் இருக்கிற மாதிரி மூலையில் உட்காருகிறான்.

அன்று பிற்பகல் முழுவதும் மிச்சமிருந்ததைக் கழற்றவும், பிளந்த ரப்பர்களை மாற்றவும், கட்டிப்போட வசதி பார்க்கவும் சரியாகிவிட்டது. ஷெட்டு வாசலுக்கு நேர் முன்னால் பாறையில் படகு கட்டுகிற இரும்பு வளையம் ஒன்று அறைந்திருந்தது. அதை அசைக்க நூறு நாயாலும் ஆகாது. வண்டியின் பின்பக்கத்தை ஷெட்டின் பெரிய தூணில் சங்கிலி போட்டுக் கட்டினாள். முன்னால் வளையத்தில் கை வின்ச்சை மாட்டினாள். வின்ச்சின் பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பல் பல்லாகக் கம்பி சுருளும். ஒரு டன் எடையை ஒரு மனுசி இழுத்துவிடலாம். கம்பி முனையில் சங்கிலி. சங்கிலி முனையில் கொக்கி.

புதன்கிழமை காலையில் டார்ச்சைப் பற்றவைத்தாள். வளைந்த குழாயின் முட்டியில் நீல நாக்கை மெதுவாக ஓட்டினாள். பெயிண்ட் கொப்புளித்துக் கருகி நாறியது. இரும்பு முதலில் வைக்கோல் நிறமானது, பிறகு ஊதா, பிறகு உள்ளேயிருந்து சிவந்தது.

"கொக்கியை மாட்டு," என்றாள். "சட்டத்தோட இடது காதுல, ஓட்டைக்குள்ள நல்லா ஆழமா. நுனியில தொங்கக் கூடாது."

போவாஸ் குனிந்து மாட்டினான். "மாட்டியாச்சு."

"ஆழமாப் போயிருக்கா?"

"போயிருக்குன்றேன்ல."

டார்ச்சை அணைத்து வைத்துவிட்டு அவள் வாசலுக்கு ஓடி வின்ச்சின் பிடியைப் பிடித்தாள். சூடு ஆறுவதற்குள் இழுக்க வேண்டும். டக், டக், டக். சங்கிலி தொய்வு நீங்கி நிமிர்ந்தது. இன்னும் நாலு பல். தூண் முனகியது. குழாய் அசைகிற மாதிரி இருந்தது. இன்னும் ஒரு பல்.

என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. படீரென்று ஒரு சத்தம். காதோரமாக எதுவோ காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் வாசல் நிலைச்சட்டத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மரம் பிளந்து தெறித்தது. சங்கிலி பனியில் பாம்பு மாதிரிப் புரண்டு ஓய்ந்தது.

அவள் பிடியை விடாமல் அப்படியே நின்றாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் இல்லை. தொப்பியின் காதுமடல்தான் கிழிந்து தொங்கியது.

"ரோசி! ரோசி!" போவாஸ் உள்ளேயிருந்து ஓடிவந்தான். "பட்டுச்சா? எங்க பட்டுச்சு?"

"படல."

அவன் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தான். அப்புறம் விட்டுவிட்டு, வாசலைச் சுற்றிலும் தரையைத் தேட ஆரம்பித்தான். "சங்கிலி அறுந்துருச்சா? கொக்கி எங்க போய் விழுந்துச்சு?"

சங்கிலி அறுபடவில்லை. அதன் முனையிலேயே கொக்கி அவள் காலடியில் கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள். கொக்கியின் நுனியில் மட்டும் புதுத் தேய்மானம் பளபளத்தது. ஆழத்தில் ஒன்றுமில்லை. ஓட்டைக்குள் போகவே இல்லை. இரும்புக் காதின் விளிம்பில் நகம் பதிகிற அளவுக்குத் தொற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் ஒன்றும் சொல்லாமல் போவாஸின் இடது பக்கம் போய் நின்றாள். ஒரு முழத் தூரத்தில், அவன் தோள் உயரத்துக்குக் கொக்கியைத் தூக்கிப் பிடித்தாள்.

போவாஸ் வலது பக்கம் விறகு அடுக்கைப் பார்த்தான். நிலைச்சட்டத்தைப் பார்த்தான். "எங்கதான் போச்சு?" என்று முணுமுணுத்தான். "நீ பாத்தியா?"

"போவாஸ்."

அவன் ஆந்தை திரும்புகிற மாதிரி முழுத் தலையையும் திருப்பினான். மூக்குக்கு முன்னால் கொக்கி. அதையும் அவளையும் பார்த்தான். முகம் வெளுத்துப் போனது.

அவள் கொக்கியைக் கீழே இறக்கினாள்.

"எப்பத்துலேர்ந்து?" என்றாள்.

"நவம்பர்." அவன் வாசல் கட்டையில் உட்கார்ந்தான். "கடல் உறைஞ்சு கட்டுற சமயம். கரிப்புகை மாதிரி ஒரு ஓரமா வந்துச்சு. தூசின்னு நெனச்சுக் கழுவினேன். கிறிஸ்துமஸுக்குள்ள இடது கண்ணு சுத்தமாப் போயிருச்சு. வலதுலயும் வெளிச்சம் மங்குற நாள்ல மேடு பள்ளம் தெரிய மாட்டேங்குது."

"கல்லு இல்ல."

"இல்ல. குடாவுல நிமிந்து நின்ன பனிப்பாளம். இடுப்பு ஒசரம் இருக்கும். பட்டப்பகல்." அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "இடிச்ச பெறகுதான் அங்க ஒண்ணு இருந்துச்சுன்னே தெரிஞ்சுச்சு."

"கிளினிக்குக்குப் போயிருக்கலாம்ல? நாப்பதடி தூரம்."

"போனா? அந்த நர்ஸ் பேப்பர்ல எழுதுவா. சாயங்காலத்துக்குள்ள கடையில எல்லார் வாயிலயும் இருக்கும். காணாமப் போனவனைத் தேடுற குழுவுலேர்ந்து பேரை எடுப்பாங்க. பெறகு நான் யாரு? ஜன்னலோரம் நாற்காலி போட்டு உக்காந்து, அங்க போறது யாரு வண்டின்னு உன்கிட்டக் கேட்டுக்கிட்டுக் கெடக்கவா?"

"இந்தக் கொக்கி என் காதோரமாப் போச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியும் ரோசி."

"தெரியாது. உனக்குத் தெரியாது. அதான் விசயமே."

அவள் கையுறைகளைக் கழற்றிப் பெஞ்சில் எறிந்தாள். "நான் இதை நிமித்தல. இப்படியே கெடக்கட்டும். வண்டி இல்லைன்னா நீ போக முடியாது."

"ஆம்ப்ரோஸோட பழைய வண்டி சும்மாத்தான் நிக்குது," என்றான் போவாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான்."

அவள் விருட்டென்று வெளியே போனாள். காற்று முகத்தில் அறைந்தது. கீழே துறைமுகப் பனியில் கொமாடிக்குகள் வரிசையாக நின்றன. ஆம்ப்ரோஸின் பிள்ளைகள் மரப்பெட்டிக்குள் குதித்துக் குதித்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போவாஸின் அக்கா மகள் ஹுல்டா மண்ணெண்ணெய்க் கேன்களைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்து மூன்று வயசு. போவாஸுக்கு அடுத்தபடி இந்தப் பனியைத் தெரிந்தவள் ஊரில் அவள்தான். கூப்பிடு தூரம். போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

ரோசினா பத்தடி நடந்தாள். நின்றாள்.

சொல்லிவிடலாம். சொன்னால் பன்னிரண்டு பேரும் பிழைப்பார்கள், சரிதான். ஆனால் கட்டின பெண்டாட்டி போய் ஊரைக் கூட்டிச் சொன்னாள் என்று ஆன பிறகு, அந்த மனுசன் அதே வாசல் வழியாக அதே ஆளாக வீட்டுக்குள் வருவானா? கல்யாணமான இருபத்தெட்டு வருசத்தில் அவன் ஒருநாளும் ஒரு பிள்ளையையும் பனி உடைந்த தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் வியாழக்கிழமை முன்னால் போவேன் என்று உட்கார்ந்திருக்கிறானே, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கண் போனதைவிட அதுதான்.

திரும்பி ஷெட்டுக்கு வந்தாள். அவன் அதே கட்டையில் உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுக்க," என்றாள். "வண்டியை நிமித்துறேன். ஓட்டப்போறது நான். நீ பின்னால உக்காரு. முன்னால போறது ஹுல்டா. அவகிட்ட அதைச் சொல்ல வேண்டியது நீ, நான் இல்ல. நாளைக்குக் காலையில சாவி திருப்புறதுக்குள்ள நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். எல்லார் முன்னாலயும். கண்ணுன்னே சொல்லுவேன்."

அவன் தலை நிமிரவில்லை.

"எந்திரி. வின்ச்சைப் பிடி."

இந்த முறை கொக்கியை அவளே மாட்டினாள். ஓட்டைக்குள் முழுசாக இறக்கி, பின்னோக்கி இழுத்துச் சோதித்தாள். மறுபடி தெறித்தால் பறக்காமல் இருக்கப் பழைய கனத்த கம்பளி இரண்டை நனைத்துச் சங்கிலிமேல் போட்டாள். டார்ச்சைப் பற்றவைத்தாள். போவாஸ் வாசலில் பிடியோடு நின்றான்.

"இழு."

டக்.

"இன்னும்."

டக். டக்.

சிவந்த குழாய் எதிர்த்தது. பின்னால் தூணைக் கட்டின சங்கிலி ஒரு கண்ணி இடம் மாறிக் கிணுகிணுத்தபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குழாயிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வெல்டிங் விட்டுவிட்டதா? ரோசினா டார்ச்சை விலக்கிவிட்டு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பழைய பெயிண்ட் செதிலாக உதிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

"இழு. மெதுவா."

எண்பத்தொன்றரை வரைக்கும் இழுத்து விட்டார்கள். சங்கிலியைத் தளர்த்தியதும் இரும்பு பின்வாங்கி எண்பதே முக்காலில் நின்றது. இரும்புக்குத் தான் வளைந்து கிடந்தது ஞாபகம் இருக்கும். வேண்டிய இடத்தைத் தாண்டி இழுத்தால்தான் வேண்டிய இடத்துக்கு வந்து நிற்கும். மறுபடி சூடு. மறுபடி டக், டக். இந்த முறை எண்பத்திரண்டு. அங்கேயே பிடித்து நிறுத்திவைத்து, சிவப்பு ஊதாவாகி, ஊதா சாம்பலாகும் வரைக்கும் காத்திருந்தார்கள். இரண்டு பேரின் மூச்சும் வெள்ளையாக எழுந்து கலந்தது.

தளர்த்தினாள். நாடாவை வைத்தாள். எண்பத்தொன்றே காலுக்கு ஒரு நகக்கனம் குறைவு. இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அதே நகக்கனம்.

"வந்துருச்சு," என்றாள், தனக்குத்தானே.

போவாஸ் உள்ளே வந்து, ஆறிய குழாயில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தான். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. பிறகு நட்டு டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

எல்லாவற்றையும் பூட்டி முடிக்கப் பிற்பகல் நாலரை ஆனது. ரோசினா வண்டியைத் துறைமுகப் பனியில் இறக்கி ஓட்டினாள். நடுவில் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். வண்டி அலையாமல், மூக்கைத் திருப்பாமல் போனது. கேன்களுக்கு நடுவில் நின்ற ஹுல்டா கையை உயர்த்தி ஆட்டினாள். ரோசினாவும் ஆட்டினாள். திரும்பி வரும்போது பார்த்தால் பின்னால் தடம் நூல் பிடித்த மாதிரிக் கிடந்தது. இத்தனைக்கு நடுவிலும் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

சாப்பிடும்போது சிபில்லா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் குழந்தை அழுகிற சத்தமும் கேட்டது.

"அப்பாதானே முன்னால வர்றாரு?" என்றாள். "இங்க எல்லாரும் இந்த வருசம் இடுக்குல பனி மெலிசா இருக்குன்றாங்க. அப்பா இருந்தா எனக்குக் கவலை இல்ல."

போவாஸ் போனை ரோசினா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, உலர்ந்த மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ரோசினா காத்திருந்தாள்.

"நாங்க பத்திரமா வந்துருவோம்," என்றாள் ரோசினா.

வியாழக்கிழமை காலையில் சூரியன் இருக்கிற இடமே தெரியவில்லை. வானமும் பனியும் ஒரே வெள்ளை. எதற்கும் நிழல் இல்லை. நல்ல கண் இருக்கிறவனுக்கே காலுக்கு அடியில் மேடா பள்ளமா என்று தெரியாத வெளிச்சம். துறைமுகத்தில் ஆறு வண்டிகள் நின்றன. பிள்ளைகளைக் கம்பளியில் சுற்றிப் பெட்டிகளில் இறக்கியாயிற்று. வழக்கம்போல எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வட்டமாக நின்று ஒரு துதிப்பாட்டின் முதல் அடிகளைப் பாடினார்கள். காற்று பாதியைக் கொண்டுபோயிற்று.

"அண்ணே, கிளம்பலாமா?" என்றான் ஆம்ப்ரோஸ்.

எல்லாரும் போவாஸைப் பார்த்தார்கள். போவாஸ் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான். ரோசினா மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். இருபது எண்ணினாள். அவன் அசையவில்லை. முப்பதில் அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"நான் முன்னால போகல," என்றான் போவாஸ்.

"என்னண்ணே?"

"வண்டி சரியில்ல. ரோசி நிமித்துனா, ஆனா நேரா ஓட மாட்டேங்குது. இடது பக்கமா இழுக்குது. இந்த வண்டியை நம்பி உங்க எல்லாரையும் பின்னால கூட்டிக்கிட்டுப் போக முடியாது. ஹுல்டா முன்னால போகட்டும்."

ரோசினாவுக்கு ஒரு நிமிசம் காது அடைத்துப் போயிற்று.

ஹுல்டா தன் வண்டியை விட்டு நடந்து வந்தாள். நேற்றுச் சாயங்காலம் துறைமுகத்தில் அந்த வண்டி ஓடியதைப் பார்த்தவள். வண்டியைப் பார்த்தாள், அப்புறம் மாமன் முகத்தைப் பார்த்தாள்.

"இடது பக்கமா, மாமா?"

"இடது பக்கம்தான்."

"எப்பத்துலேர்ந்து இழுக்குது?"

போவாஸ் அவள் பக்கம் திரும்பினான். "நவம்பர்லேர்ந்து."

"அண்ணே, மோதுனதே ஞாயித்துக்கிழமைதானே!" ஆம்ப்ரோஸ் தொடையைத் தட்டிச் சிரித்தான். "தூக்கம் தெளியலை போல."

ஹுல்டா சிரிக்கவில்லை. பிறகு போவாஸின் வண்டிப் பக்கவாட்டில் கட்டியிருந்த, பனியைக் குத்திப் பார்க்கிற இரும்புமுனைக் கழியை அவிழ்த்தாள்.

"இதை நான் எடுத்துக்கறேன் மாமா."

"எடுத்துக்க. இடுக்குக்கு அரை மைல் முன்னாலயே நிறுத்திரு. நான் நடந்து வந்து கூட நிக்கிறேன். நீ குத்து, நான் சத்தம் கேட்டுச் சொல்றேன். உன் கண்ணுக்குச் சரியாப் படலைன்னா நான் என்ன சொன்னாலும் போகாத."

"சரி மாமா."

ஆம்ப்ரோஸ் விடுவதாக இல்லை. "என்னக்கா, ரெண்டு நாளா டங்கு டங்குன்னு ஊரையே எழுப்பினியே, கடைசியில இவ்வளவுதானா? பவர் ஹவுஸ்லயும் இப்படித்தான் வேலை பாக்கியா? அதான் லைட்டு மினுக்குதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டிக்குள்ளிருந்த பிள்ளைகளும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தன.

ரோசினாவுக்குக் கன்னம் எரிந்தது. ஒரு நகக்கனம். பத்தொன்பது வருச வேலையில் அதைவிடச் சுத்தமாக அவள் ஒன்றும் செய்ததில்லை. இப்போதே ஏறி, கையை விட்டு ஓட்டிக் காட்டிவிடலாம். போவாஸ் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து கையுறையின் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு விழவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இரும்பு பழசுப்பா," என்றாள். "எனக்குத் தெரிஞ்ச வேலை அவ்வளவுதான். ஈஸ்டர் முடிஞ்சு முதல் பிளேன்ல கூஸ் பே டவுனுக்குப் போறோம். அங்க விவரம் தெரிஞ்ச ஆள்கிட்டக் காட்டிக் கேக்கணும். இவரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ன போவாஸ், வர்றதானே?"

எல்லாரும் மறுபடி அவனைப் பார்த்தார்கள். அவன் நாடாவை விட்டான்.

"வர்றேன்," என்றான்.

ரோசினா அவன் கையை இழுத்து அந்த முடிச்சைப் போட்டுவிட்டாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் அவனுக்கு இடம் விட்டு முன்னால் நகர்ந்துகொண்டாள். ஹுல்டாவின் வண்டி கிளம்பி முப்பது கஜம் போனதும் சாவியைத் திருப்பினாள்.